சுபோத்திவ் எலியா தேவாலயம்: நிலவுரிமையும் நினைவுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

உக்ரைனின் செர்காசி மாகாணத்தில் சிகிரின் நகருக்கு அருகே அமைந்துள்ள சிற்றூர் சுபோத்திவ். அங்குள்ள இறைவாக்கினர் எலியா தேவாலயம் 1653ஆம் ஆண்டு கொசாக் படைத்தலைவர் பொக்தான் கிமெல்னிட்ஸ்கியால் எழுப்பப்பெற்றது. அச்சிற்றூரின் மீது அவருடைய குடும்பத்துக்கு இருந்த உரிமை தொடக்கத்திலிருந்தே உறுதியற்றதாக இருந்தது. அவ்வுரிமைக்காக எழுந்த பூசல் 1648ஆம் ஆண்டுப் பேரெழுச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. தேவாலயத்தைக் கட்டியமை, அதில் அடக்கம் செய்தமை, அக்கல்லறை சிதைக்கப்பட்டதாகக் கூறப்படுதல், பிற்காலத்தார் அதனை நினைவுச் சின்னமாக்கியமை ஆகிய நான்கும் ‘இவ்விடம் யாருடையது’ என்னும் ஒரே வினாவுக்கு வெவ்வேறு காலத்தார் அளித்த விடைகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சுபோத்திவ், கிமெல்னிட்ஸ்கி, கொசாக்கியர், புரவலர் உரிமை, நிலவுரிமை, செவ்சென்கோ, நினைவுச் சின்னம்.

முன்னுரை

உக்ரைன் நாட்டின் 5 ஹிரிவ்னியா பணத்தாளின் முன்பக்கத்தில் பொக்தான் கிமெல்னிட்ஸ்கியின் உருவம் இடம்பெற்றுள்ளது. பின்பக்கத்தில் குவிமாடமில்லாத, உயர்ந்த முகப்புச் சுவருடைய ஒரு தேவாலயத்தின் படம் காணப்படுகிறது. தலைநகரின் பெருங்கோயில் ஒன்றைத் தேர்ந்திருக்கக்கூடிய இடத்தில் ஒரு சிற்றூர்க் கோயில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. அக்கோயிலைக் கட்டியவரும் அதில் அடக்கம் செய்யப்பட்டவரும் முன்பக்கத்தில் உள்ள கிமெல்னிட்ஸ்கியே ஆவார். ஆயினும் இன்று அக்கோயிலில் அவருடைய உடல் இல்லை. அடையாளக் கல்லறை மட்டுமே உள்ளது.

கிமெல்னிட்ஸ்கியின் போர்களும் உடன்படிக்கைகளும் வரலாற்று நூல்களில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அவற்றுக்குப் பின்புலமாக அமைந்த சுபோத்திவ் என்னும் நிலப்பகுதியும், அதன் உடைமையாளர் நிலையும், அங்கெழுந்த தேவாலயமும் ஒருங்கிணைத்து நோக்கத்தக்கன. ஒரு கட்டடத்தின் வரலாற்றை அது நிற்கும் நிலத்தின் உரிமை வரலாற்றோடு இணைத்துக் காணும்போது, ஒரு தனிமனிதப் பூசல் எவ்வாறு ஒரு நாட்டின் வரலாறாக விரிந்தது என்பது புலப்படுகிறது.

புரவலர் உரிமையும் சமயப் பிளவும்

1569ஆம் ஆண்டின் லூப்ளின் ஒன்றிப்பால் போலந்தும் லித்துவேனியாவும் ஒரே கூட்டரசாக இணைந்தன. அதுவரை லித்துவேனியாவின் ஆட்சியிலிருந்த கீவ் பகுதி போலந்து முடியின் கீழ் வந்தது. தினீப்பர் ஆற்றின் இருகரையிலும் பரந்துகிடந்த புல்வெளி நிலங்கள் உயர்குடியினருக்கு வழங்கப்பட்டன. புதிய குடியிருப்புகள் தோன்றின. அவற்றோடு உழவர் மீதான கட்டாய உழைப்புக் கடமைகளும் படிப்படியாகப் பெருகின.

அக்காலக் கூட்டரசில் சிற்றூர்க் கோயில் பெரும்பாலும் நிலவுடைமையாளரைச் சார்ந்தே இயங்கியது. கோயிலை எழுப்பியவரும் அதற்கு நிலம் விட்டவரும் அதன் புரவலர் எனப்பட்டனர். கோயிலுக்குரிய குருவை முன்மொழியும் உரிமை புரவலருக்கு இருந்தது. இவ்வுரிமை நிலத்தோடு சேர்ந்து வழிவழியாகக் கைமாறியது. எனவே நிலவுடைமையாளரின் சமயம் மாறினால் அவ்வூர்க் கோயிலின் எதிர்காலமும் ஐயத்துக்குள்ளானது.

1596ஆம் ஆண்டின் பிரெஸ்ட் ஒன்றிப்பு இச்சிக்கலைக் கூர்மையாக்கியது. கிழக்கு மரபுவழித் திருச்சபையின் ஆயர்களுள் ஒரு பகுதியினர் தங்கள் வழிபாட்டு முறையைக் கைவிடாமலேயே உரோமைத் திருத்தந்தையின் தலைமையை ஏற்றனர். அதனை ஏற்காதோர் மரபுவழியிலேயே நின்றனர். இப்பிளவின் சூழலில் பழைய மரபுவழி உயர்குடிகள் பலவும் கத்தோலிக்கத்தைத் தழுவின. பெருநிலக்கிழாரான எரேமி விஷ்னியோவியெட்ஸ்கி 1632ஆம் ஆண்டு அவ்வாறு மாறியது புகழ்பெற்ற சான்றாகும். இவ்வாறு மரபுவழிக் கோயில்கள் தம் பழைய புரவலர்களை இழந்தபோது, அவ்விடத்தை நிரப்ப முன்வந்தோருள் கொசாக்கியர் முதன்மையானவர்கள். படைத்தலைவர் பெட்ரோ சகைதாச்னி தம் படையினருடன் கீவ் நகரின் மரபுவழிச் சகோதர சங்கத்தில் இணைந்தமை இப்போக்கைக் காட்டுகிறது. சுபோத்திவ் தேவாலயத்தையும் இப்பின்னணியில் வைத்தே நோக்க வேண்டும்.

சுபோத்திவ்: உறுதியற்ற உரிமை

சுபோத்திவ் தியாஸ்மின் ஆற்றுப் பகுதியில் உள்ளது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதி சிகிரின் ஸ்டாரோஸ்டாவின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. ஸ்டாரோஸ்டா என்பவர் அரசருக்குரிய நிலங்களை அரசர் சார்பில் நிருவகித்து அவற்றின் வருவாயையும் துய்த்த அதிகாரி ஆவார். அப்போதைய ஸ்டாரோஸ்டாவான யான் தானிலோவிச்சிடம் பணியாற்றியவர் மிகைலோ கிமெல்னிட்ஸ்கி. இவரே பொக்தானின் தந்தை. தம் பணிக்கு ஈடாகச் சுபோத்திவ் நிலத்தைப் பெற்று அங்குக் குடியிருப்பை அமைத்தார்.

இங்கு இரண்டு நிலைகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, நிலத்தின் தன்மை. அது அரசுடைமை நிலம். ஸ்டாரோஸ்டா ஒருவர் தம் பணியாளருக்கு அளித்த கொடை, அடுத்து வரும் ஸ்டாரோஸ்டாவால் மறுக்கப்படுவதற்கு இடமிருந்தது. இரண்டாவது, குடும்பத்தின் தகுதி. கிமெல்னிட்ஸ்கி குடும்பத்தினர் ‘அப்தாங்க்’ என்னும் குலச்சின்னத்தைப் பயன்படுத்தினர். ஆயினும் அவர்களுடைய உயர்குடிப் பிறப்பு பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருநிலக்கிழார்களோடு ஒப்பிடுகையில் அவர்கள் எளிய நிலையினரே. ஆகவே நிலத்தின் உரிமை, குடும்பத்தின் தகுதி ஆகிய இரண்டும் எதிர்வாதத்துக்கு இடமளிப்பனவாகவே இருந்தன.

மிகைலோ 1620ஆம் ஆண்டு துருக்கியருக்கு எதிராக நிகழ்ந்த செக்கோரா போரில் உயிரிழந்தார். அதே போரில் சிறைப்பட்ட பொக்தான் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விடுதலை பெற்றுத் திரும்பினார். இயேசு சபையார் பள்ளியில் கற்றவர். இலத்தீனும் போலந்து மொழியும் அறிந்தவர். கொசாக் படையின் செயலராகவும், 1638ஆம் ஆண்டுக்குப் பின் சிகிரின் நூற்றுவர் தலைவராகவும் பணியாற்றினார். 1646ஆம் ஆண்டு நான்காம் விளாதிஸ்லாவ் அரசரிடமிருந்து சுபோத்திவ் உடைமைக்கு உறுதி ஆவணம் ஒன்றையும் பெற்றார். தந்தை காலத்து வாய்மொழிக் கொடை இவ்வாறு எழுத்துரிமையாகியது.

பூசலும் எழுச்சியும்

1646ஆம் ஆண்டு முதிய ஸ்டாரோஸ்டாவான ஸ்தனிஸ்லாவ் கொனியெட்ஸ்போல்ஸ்கி இறந்தார். அவருடைய மகன் அலெக்சாந்தர் அப்பொறுப்புக்கு வந்தார். அவருடைய துணை அதிகாரியாகிய தானியேல் சாப்லின்ஸ்கி 1647ஆம் ஆண்டு சுபோத்திவைக் கைப்பற்றினார். களஞ்சியம் சூறையாடப்பட்டது, குடும்பத்தினர் தாக்கப்பட்டனர். தமக்கு இழைக்கப்பட்ட தீங்குகளைப் பட்டியலிட்டுக் கிமெல்னிட்ஸ்கி முறையிட்டார். வார்சா வரை சென்றும் நிலம் திரும்பக் கிடைக்கவில்லை.

அரசரின் ஆவணம் கையில் இருந்தும் அது செல்லாக் காகிதமானதேன் என்னும் வினா இங்கு எழுகிறது. கூட்டரசின் எல்லைப் புறங்களில் அரசரின் ஆணையைவிட அங்குள்ள பெருநிலக்கிழாரின் படைவலிமையே ஓங்கியிருந்தது. உயர்குடியினரின் நீதிமன்றங்களில் கொசாக் அதிகாரி ஒருவரின் வழக்கு எளிதில் எடுபடவில்லை. சட்டவழி அடைபட்ட நிலையில், கைது செய்யப்பட்டுத் தப்பிய கிமெல்னிட்ஸ்கி 1647ஆம் ஆண்டின் இறுதியில் தினீப்பர் ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்த கொசாக்கியரின் அரணான சபோரோசிய சிச்சை அடைந்தார். 1648ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘ஹெட்மன்’ எனப்படும் தலைமைத் தளபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிரிமியத் தாத்தாரியருடன் கூட்டணி அமைத்தார். அவ்வாண்டு மே மாதத்தில் சோவ்தி வோதியிலும் கோர்சுனிலும் போலந்துப் படைகள் தோற்றன.

ஒரு பண்ணை பறிபோனதால் மட்டும் ஒரு பேரெழுச்சி தோன்றுவதில்லை. உழவர் மீதான சுமை, கொசாக்கியர் உரிமைகள் 1638ஆம் ஆண்டுச் சட்டத்தால் குறைக்கப்பட்டமை, மரபுவழிச் சமயத்தாரின் மனக்குறை ஆகியன முன்பே திரண்டிருந்தன. சுபோத்திவ் நிகழ்வு அவற்றுக்குத் தலைமை தாங்கத்தக்க ஒருவரைச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே தள்ளியது என்பதே பொருத்தமான மதிப்பீடாகும்.

1649ஆம் ஆண்டின் ஸ்போரிவ் உடன்படிக்கை நிலைமையைத் தலைகீழாக்கியது. சிகிரின் ஸ்டாரோஸ்டா ஆளுகைப் பகுதி ஹெட்மன் பதவிக்கு உரியதாக ஒதுக்கப்பட்டது. எந்த அலுவலகத்தின் துணை அதிகாரி கிமெல்னிட்ஸ்கியின் நிலத்தைப் பறித்தாரோ, அவ்வலுவலகத்தின் நிலப்பரப்பு முழுவதும் கிமெல்னிட்ஸ்கியிடம் வந்தது. அதே உடன்படிக்கை கொசாக்கியர் பதிவேட்டை 40,000 பேரோடு வரையறுத்தது. பதிவேட்டில் இடம்பெறாத உழவர் பழைய நிலக்கிழார்களிடமே திரும்ப வேண்டியிருந்தது. தலைவருக்குக் கிட்டிய நிலவுரிமை அவரைப் பின்பற்றிய உழவருக்குக் கிட்டவில்லை.

1653: தேவாலயத்தின் அமைப்பு

மீட்கப்பட்ட சுபோத்திவில் ஹெட்மனின் அரண்சூழ்ந்த மாளிகை அமைந்தது. அதனருகே மேட்டு நிலத்தில் 1653ஆம் ஆண்டு எலியா தேவாலயம் எழுப்பப்பெற்றது. அதனை வடிவமைத்த கட்டடக் கலைஞரின் பெயர் கிடைக்கவில்லை.

அக்கால உக்ரைன் சிற்றூர்க் கோயில்கள் பொதுவாக மரத்தாலானவை. வரிசையாக அமைந்த மூன்று அறைகளும் அவற்றின்மேல் குவிமாடங்களும் கொண்டவை. எலியா தேவாலயம் இவற்றினின்றும் வேறுபட்டது. அது ஒரே நீண்ட மண்டபமாக, கிழக்கில் பலிபீடப் பகுதியுடன் கல்லால் கட்டப்பட்டது. குவிமாடம் இல்லை, செங்குத்தான கூரை உண்டு. மேற்கு முகப்பு வளைவுகளுடன் உயர்ந்து செல்லும் பரோக் பாணியில் அமைந்தது. சுவர்கள் ஏறத்தாழ இரண்டு மீட்டர் தடிமன் உடையவை. முகப்பின் மேற்பகுதியில் சுடுதுளைகள் விடப்பட்டுள்ளன. வழிபாட்டிடமாகவும், தாக்குதல் நேரத்தில் அரணாகவும் பயன்படத்தக்க வகையில் அக்கட்டடம் திட்டமிடப்பட்டது என்பதை இவை காட்டுகின்றன.

கட்டப்பட்ட காலச் சூழலும் கருதத்தக்கது. 1652ஆம் ஆண்டு கிமெல்னிட்ஸ்கியின் மகன் திமிஷ், மோல்தாவிய ஆட்சியாளர் வசிலே லூப்புவின் மகள் ருக்சாந்திராவை மணந்தார். கொசாக் தலைவரின் குடும்பம் அரச மரபாக உருப்பெறும் வாய்ப்பு அப்போது தோன்றியது. ஆனால் 1653ஆம் ஆண்டு செப்டம்பரில் சுச்சாவா முற்றுகையில் காயமுற்ற திமிஷ் இறந்தார். அவருடைய உடல் சுபோத்திவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. இப்பின்னணியில் சுபோத்திவ், ஒரு மரபின் தலைமையிடமாகக் கருதப்பட்டது எனக் கொள்ள இடமுண்டு. புரவலராகக் கோயில் எழுப்புதல் அதுவரை பெருநிலக்கிழார்களின் தகுதிக்குரிய செயலாக இருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் தன் களஞ்சியத்தையே காக்க இயலாத ஒருவர் அதே மண்ணில் கற்கோயில் எழுப்பியபோது, அரசர் ஆவணம் தரத் தவறிய உறுதியை அக்கட்டடம் தரும் என எதிர்பார்த்தார் எனலாம்.

அதே ஆண்டின் மற்றொரு சான்று

1653ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் எபிரேய மொழியில் ஒரு நூல் அச்சாயிற்று. ‘யெவேன் மெட்சூலா’ என்னும் அந்நூலின் ஆசிரியர் நாதன் ஹன்னோவர். வொலின் பகுதியிலிருந்து தப்பிச் சென்ற யூத அறிஞர் அவர். 1648, 1649ஆம் ஆண்டுகளில் கொசாக்கியராலும் அவர்களுடன் இணைந்த கூட்டத்தினராலும் யூதக் குடியிருப்புகள் அழிக்கப்பட்டதையும் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதையும் அந்நூல் பதிவுசெய்கிறது. நிலக்கிழார்களின் குத்தகையாளராகவும் வரி தண்டுவோராகவும் யூதருள் சிலர் பணியாற்றினர். உழவரின் சினம் அச்சிலரோடு நில்லாமல் ஒரு சமூகம் முழுவதன் மீதும் பாய்ந்தது.

சுபோத்திவில் கல்லால் ஆன நினைவும் வெனிசில் எழுத்தால் ஆன நினைவும் ஒரே ஆண்டில் உருவாயின. கிமெல்னிட்ஸ்கியை விடுதலைத் தலைவராகக் காணும் மரபும், பேரழிவின் காரணராகக் காணும் மரபும் பிற்காலத்தில் கற்பிக்கப்பட்டவை அல்ல. இரண்டும் அவர் வாழ்ந்த காலத்திலேயே வேர்கொண்டவை. எலியா தேவாலயத்தின் வரலாற்றை எழுதுவோர் இவ்விரண்டாம் சான்றையும் உடன்வைத்தே எழுதுதல் வேண்டும்.

இரண்டாம் ஆவணமும் ஹெட்மனின் இறப்பும்

1654ஆம் ஆண்டு சனவரியில் பெரெயாஸ்லாவ் நகரில் கிமெல்னிட்ஸ்கியும் கொசாக் தலைவர்களும் மாஸ்கோவின் சார் மன்னருக்கு உறுதிமொழி அளித்தனர். அதன் பொருள் இன்றும் விவாதிக்கப்படுகிறது. இக்கட்டுரைக்கு இன்றியமையாதது அதனைத் தொடர்ந்த ஒரு சிறு நிகழ்வு. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் சார் அலெக்சேய் சுபோத்திவ் உடைமையைக் கிமெல்னிட்ஸ்கிக்கு உறுதிசெய்து ஆவணம் வழங்கினார். எட்டு ஆண்டுகளுக்குள் ஒரே சிற்றூருக்கு இரண்டு வெவ்வேறு மன்னர்களிடமிருந்து இரண்டு உறுதி ஆவணங்கள் பெறப்பட்டன. அப்போது கிமெல்னிட்ஸ்கி பல்லாயிரம் வீரருக்குத் தலைவர். சிகிரினைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர். அத்தகையவரும் தம் பண்ணைக்கு மன்னர் ஒருவரின் முத்திரையைத் தேடினார் என்பது 1647ஆம் ஆண்டின் வடு ஆறாமல் இருந்ததைக் காட்டுகிறது.

1657ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் (பழைய நாட்காட்டியில் சூலை 27) கிமெல்னிட்ஸ்கி சிகிரினில் இறந்தார். உடல் சுபோத்திவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. எலியா தேவாலயத்துக்குள் அடக்கம் செய்யப்பட்டது என்பதே நிலவிவரும் மரபு.

வெறுங்கல்லறை

கட்டடம் அளிக்கும் எனக் கருதப்பட்ட உறுதி ஏழு ஆண்டுகளே நீடித்தது. 1664ஆம் ஆண்டு போலந்துத் தளபதி ஸ்தெபான் சார்னியெட்ஸ்கியின் படை சுபோத்திவை அடைந்தது. கிமெல்னிட்ஸ்கியின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்து வெளியே எறியுமாறு அவர் ஆணையிட்டதாகக் கொசாக் காலத்து நாளாகமங்கள் கூறுகின்றன. உறவினர் முன்கூட்டியே உடலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டனர் என்னும் வாய்மொழி வழக்கும் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் அகழாய்வுகள் மேற்கொள்ளப்பட்டபோதும் அவருடையது என உறுதிசெய்யத்தக்க எச்சம் எதுவும் கிடைக்கவில்லை.

புரவலர் தாம் எழுப்பிய கோயிலில் அடக்கமாவது, நிலத்தோடு குடும்பத்தைப் பிணைக்கும் இறுதிச் செயலாகும். வழித்தோன்றல்கள் அங்கு வழிபடுவதும் முன்னோர் பெயரால் செபிப்பதும் அப்பிணைப்பைத் தொடர்ந்து புதுப்பித்தன. எனவே எலும்புகளை அகற்றுதல் என்பது பழிவாங்கலுக்கு அப்பால் உரிமை நீக்கமாகவும் பொருள்பட்டது. கிமெல்னிட்ஸ்கியின் இளைய மகன் யூரி பலமுறை ஹெட்மனாகியும் நிலைக்கவில்லை. இடையே துறவும் பூண்டார். 1678ஆம் ஆண்டு உதுமானியப் படையெடுப்பில் சிகிரின் அழிந்தது. 1686ஆம் ஆண்டு மாஸ்கோவும் போலந்தும் செய்துகொண்ட உடன்படிக்கை, சிகிரின் உள்ளிட்ட தினீப்பர் வலக்கரைப் பகுதியை ஆளற்ற இடைவெளியாக விடுமாறு கூறியது. யாருக்கு உரியது எனப் போரிடப்பட்ட நிலம் இறுதியில் எவருக்கும் உரியதல்ல என அறிவிக்கப்பட்டது.

செவ்சென்கோவின் கேள்வி

1793ஆம் ஆண்டு போலந்தின் இரண்டாம் பிரிவினைக்குப் பின் இப்பகுதி இரசியப் பேரரசின் கீழ் வந்தது. 1845ஆம் ஆண்டு கவிஞரும் ஓவியருமான தராஸ் செவ்சென்கோ சுபோத்திவின் தேவாலயத்தையும் இடிபாடுகளையும் கற்சிலுவைகளையும் நீர்வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். அதே ஆண்டில் ‘பெரும் நிலவறை’ என்னும் நெடுங்கவிதையையும் சுபோத்திவ் தேவாலயம் பற்றிய ஒரு குறுங்கவிதையையும் இயற்றினார்.

இக்கவிதைகளில் செவ்சென்கோ கிமெல்னிட்ஸ்கியைப் போற்றிப் பாடவில்லை. மாஸ்கோவுடன் செய்த உடன்பாட்டின் விளைவுகளுக்கு அவரைப் பொறுப்பாளியாக்கினார். தேவாலயத்தை உக்ரைனின் விடுதலை புதைக்கப்பட்ட இடமாக உருவகித்தார். செவ்சென்கோ கொத்தடிமை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1838ஆம் ஆண்டு விலைகொடுத்து மீட்கப்பட்டவர். 1648ஆம் ஆண்டு எழுச்சியின் பயன் உழவர்க்குக் கிட்டவில்லை என்பதை அவர் தம் பிறப்பாலேயே அறிந்திருந்தார். ஹெட்மனின் நிலவுரிமையைக் காட்டிலும் நிலத்தில் உழைத்தோரின் உரிமையே அவருடைய கேள்வியாக அமைந்தது. ஓர் உடைமையாளரின் கோயில் இவ்வாறு ஒரு மக்கட்கூட்டத்தின் வினாவுக்குரிய இடமாயிற்று.

நினைவின் புதிய உரிமையாளர்கள்

1869ஆம் ஆண்டு தேவாலயத்தின் அருகே மணிக்கூண்டு கட்டப்பட்டது. சோவியத் ஆட்சியில் கிமெல்னிட்ஸ்கி இரசிய உக்ரைனிய ஒற்றுமையின் அடையாளமாகக் காட்டப்பட்டார். 1943ஆம் ஆண்டு அவர் பெயரால் படைத்துறை விருது ஏற்படுத்தப்பட்டது. பெரெயாஸ்லாவ் உறுதிமொழியின் 300ஆம் ஆண்டு நிறைவாகிய 1954இல் புரோஸ்குரிவ் நகருக்குக் கிமெல்னிட்ஸ்கி எனப் பெயரிடப்பட்டது. 1970களில் தேவாலயம் அதன் 17ஆம் நூற்றாண்டுத் தோற்றத்துக்கு மீட்டமைக்கப்பட்டது.

விடுதலை பெற்ற உக்ரைன் அதே கட்டடத்தை வேறு பொருளில் ஏற்றது. 1996ஆம் ஆண்டு ஹிரிவ்னியா புழக்கத்துக்கு வந்தபோது தேவாலயம் பணத்தாளில் இடம்பெற்றது. இங்கு அது தனியரசு மரபின் சின்னம். பேரரசுக்கு ஒற்றுமையைச் சுட்டிய அதே சுவர்கள் தனியரசுக்கு விடுதலையைச் சுட்டுகின்றன. இன்று அது ‘சிகிரின்’ தேசிய வரலாற்றுப் பண்பாட்டுக் காப்பகத்தின் ஒரு பகுதியாகவும் உள்ளது.

முடிவுரை

சுபோத்திவ் தேவாலயத்தின் வரலாற்றில் உரிமை மூன்று நிலைகளில் இடம்பெயர்ந்துள்ளது. முதலில் அது ஒரு குடும்பத்தின் நிலவுரிமை. ஸ்டாரோஸ்டாவின் கொடை, 1646, 1654ஆம் ஆண்டுகளின் ஆவணங்கள் ஆகியவற்றால் நிறுவ முயலப்பட்டது. அடுத்து அது ஆட்சியுரிமை. அரண்போன்ற கற்கோயிலும் அதனுள் அமைந்த கல்லறையும் அதனை வெளிப்படுத்தின. இறுதியாக அது நினைவுரிமை. கவிஞர், பேரரசு, தனியரசு ஆகியோர் தத்தம் நோக்கில் அதற்கு உரிமை கோரினர்.

ஆவணங்கள் இரண்டும் தாம் உறுதியளித்ததை நிறைவேற்றவில்லை. கல்லறையும் காக்கவில்லை. உடைமையாளர் மரபு அற்றுப்போன பின்னரே கட்டடம் முழுமையான நினைவிடமாயிற்று. அந்நினைவிடத்தில் நிலமிழந்த ஓர் அதிகாரியின் முறையீடும், விடுதலையை எதிர்நோக்கி ஏமாந்த உழவரின் குரலும், வெனிசில் அச்சான நூல் பதிவுசெய்த கொலையுண்டோரின் நினைவும் ஒருங்கே உள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டும் தெரிந்தெடுக்கும் ஆய்வு, முன்னைய உரிமையாளர்களைப் போலவே அவ்விடத்தைத் தனதாக்கிக்கொள்ளும் மற்றொரு முயற்சியாகவே முடியும்.